பல்லுறையும் பொறுமையும்



2024-ஆம் ஆண்டு தை மாதத்தில், பாபநாசத்தைச் சுற்றியுள்ள வயல்களில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, என் 39-ஆம் வயதில் பல் சீரமைப்புச் சிகிச்சையைத் தொடங்கினேன். தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது கைப்பையில் ஒரு சிறு நீலப் பெட்டியும் வாயில் இரண்டு பிளாஸ்டிக் உறைகளும் இருந்தன. நடத்துநரிடம் ராஜகிரி என்று சொன்னேன். அவர் காதில் வேறேதோ விழுந்தது. மறுபடியும் சொன்னேன், மறுபடியும் விளங்கவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்த பெண்மணிதான் புரிந்துகொண்டு எனக்காகச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். அய்யம்பேட்டை வருவதற்குள், யாரோ இரு விரல்களால் பற்கள் அனைத்தையும் ஒருசேரப் பிடித்து நெருக்குவது போன்ற இறுக்கம் தொடங்கிவிட்டது.

அலைனர் என்று மருத்துவமனைகளில் வழங்கும் இந்த உறைகள், பல்லுக்குக் கம்பி கட்டுவதற்கு மாற்றாக வந்தவை. பாகிஸ்தானில் வளர்ந்த ஸியா சிஷ்தி என்பவரும், ஸ்டான்ஃபோர்டில் அவருடன் பயின்ற கெல்சி வெர்த் என்பவரும் 1997-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் வழியாகவே இம்முறை உலகெங்கும் பரவியது. மேல்வரிசைக்கு ஒன்றும் கீழ்வரிசைக்கு ஒன்றுமாக, கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் மெல்லிய உறைகள். ஓர் உறை ஒரு பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவே நகர்த்தும். பிறகு அடுத்த உறை. எனக்கு இரு வாரங்களுக்கு ஒன்றாக 26 இணைகள் என்று கணக்கிட்டிருந்தார்கள். உண்ணவும் பல் துலக்கவும் மட்டுமே கழற்றலாம். நாளொன்றுக்கு 22 மணி நேரம் வாயிலேயே இருக்க வேண்டும்.

வீட்டில் மாமிக்கு இது பெரும் வேடிக்கையாக இருந்தது. அவருடைய வாயில் ஒரு பல்லும் இல்லை. சின்னஞ்சிறு இரும்பு உரலில் வெற்றிலையை இடித்து மென்று கொண்டிருப்பவர். "எனக்குப் பல்லே இல்லாம காலம் ஓடுது. ஒனக்கு இருக்கிற பல்லு கோணலா இருக்குன்னு ஒரு லட்சமா!" என்றார். பக்கத்து வீட்டு அக்கா இன்னும் சற்று நயமாக, "இந்த வயசுல யாரு பாக்கப் போறாங்க?" என்று கேட்டார்.

செலவைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. நான் கட்டிவந்த சீட்டுப் பணமும், சிங்கப்பூரிலிருந்து என் கணவர் அனுப்பியதும் சேர்ந்தே அது முடிந்தது. கம்பி கட்டினால் அதில் பாதிதான் ஆகியிருக்கும். பல் மருத்துவக் கல்லூரிகளில் அதனினும் குறைவு. சிதம்பரத்தில் நெடுங்காலமாக ஒன்று இருக்கிறது, புதுக்கோட்டையில் 2023-இல் அரசுக் கல்லூரியும் வந்துவிட்டது. பணம் இல்லையே என்று தயங்கும் சகோதரிகள் அங்கே கேட்டுப் பார்க்கலாம். நான் உறையைத் தேர்ந்ததற்குக் காரணம் வேறு. மாலை நேரங்களில் எங்கள் தெருப் பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான்.

ஏன் இந்தச் சிகிச்சை என்பதற்கு நான் எல்லோரிடமும் சொன்ன விடை இது: கீழ்வரிசைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன, இடுக்குகளில் உணவு தங்கி ஈறு வீங்கிக் குருதி கசிந்தது, மேலே இடப்புறத்துத் தெத்துப்பல் உதட்டின் உட்புறத்தை உரசிக்கொண்டே இருந்தது. அத்தனையும் உண்மை. ஆனால் முழு உண்மை அன்று. பள்ளிக்கூட நாள்களிலிருந்து நான் முக்காட்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டே சிரித்துப் பழகியவள். என் நிக்காஹ் நிழற்படங்களில் ஒன்றிலும் என் பல் தெரியாது.

இது ஏன் இங்கே முக்கியமாகிறது என்றால், சிகிச்சையின் தொடக்கத்திலேயே மருத்துவர், கீழ்ப்பற்கள் சிலவற்றின் பக்கவாட்டை இம்மியளவு தேய்த்து இடம் உண்டாக்க வேண்டும் என்றார். அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான். எனினும் எனக்கு உள்ளங்கை குளிர்ந்துவிட்டது. அழகுக்காகப் பற்களைத் தேய்த்து இடைவெளி உண்டாக்கும் பெண்களைக் கண்டிக்கும், இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக வரும் நபிமொழியை நானே பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறேன். ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு வந்து, எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கணவரைத் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். ஹஸ்ரத் பொறுமையாக விளக்கினார். கண்டனம் அழகுக்காக என்ற காரணத்தோடு சேர்ந்தே வருகிறது. குறையை நீக்குவதும் நோயைத் தீர்ப்பதும் வேறு. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் ஒரு போரில் மூக்கை இழந்து வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள்; அதில் துர்நாற்றம் எடுத்தபோது, ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னாலேயே செய்துகொள்ளுமாறு அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கொர்தோபாவுக்கு அருகே வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் பல் சுரண்டும் கருவிகளைப் படமாக வரைந்து, ஆடும் பற்களைப் பொன்கம்பியால் பிணைக்கும் முறையையும் எழுதிவைத்தார். இவ்வளவும் சொல்லிவிட்டு ஹஸ்ரத் இறுதியில் ஒன்று சேர்த்தாராம்: "ஈறு வீங்குதுன்னா மருத்துவம், தாராளமா செய்யட்டும். நிய்யத்தை நான் இங்கேருந்து பாக்க முடியாது. அதை அவங்கதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஈறும் உண்மை, முக்காட்டு நுனியும் உண்மை. இரண்டையும் பிரித்தெடுக்க இன்றுவரை என்னால் இயலவில்லை. முன்னதற்காகச் செய்தேன், பின்னதும் கூடவே நடந்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஒளு, குளிப்பு பற்றியும் பலர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் ஊர். கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது எங்களுக்கு ஃபர்ளு. ஆகவே அப்போது உறையைக் கழற்றிவிட வேண்டும். ஒளுவில் கொப்பளிப்பது சுன்னத். அதிராம்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை வீட்டார் ஷாஃபிஈ. அவர்களுக்கு இரண்டிலுமே சுன்னத்துதான். பல்லின் மேல் பல் நிறத்திலேயே சிறு பொட்டுகளைப் போல ஒட்டியிருந்தார்கள். உறை பல்லைப் பற்றிக்கொள்வதற்கான பிடிகள் அவை. கழற்ற இயலாதவாறு சிகிச்சைக்காக ஒட்டியவை பல்லின் பகுதியாகவே கருதப்படும் என்று ஹஸ்ரத் சொன்னார். உங்கள் ஊர் ஆலிமிடம் நீங்களும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வலி. பல் எலும்பில் நேரடியாக அறையப்பட்ட ஆணி அன்று என்பதை அந்நாளில்தான் அறிந்தேன். பல்வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. உறை பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கத்தில் அந்தத் திசு நசுங்குகிறது, அப்பக்கத்து எலும்பு மெல்லக் கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் திசு இழுபட, அங்கே புதிய எலும்பு வளர்கிறது. இந்த வேலையைத் தூண்டும் வேதிப்பொருள்களே வலியையும் உண்டாக்குகின்றன. உறை மாற்றிய சில மணி நேரத்தில் வலி தொடங்கும். ஏறக்குறைய ஒரு நாளில் உச்சத்தைத் தொடும். மூன்று நான்கு நாள்களில் தணியும். ஒரு வாரத்தில் மறந்தே போகும். ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் பல்லை நகர்த்தும் அந்த வேதிப்பொருளையே குறைப்பவை என்பதால், தாங்க முடியாவிட்டால் பாரசிட்டமால் போதும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

நான் உறை மாற்றும் நேரத்தை வெள்ளி இரவு, அதாவது வியாழன் மாலை மறைந்த பின், இஷா தொழுது உண்டு முடித்துப் படுக்கப்போகும் வேளைக்கு வைத்துக்கொண்டேன். முதல் ஆறேழு மணி நேர இறுக்கத்தை உறக்கம் வாங்கிக்கொள்ளும். காலையில், உறை பல்லில் முழுதும் படிவதற்காக அவர்கள் கொடுத்த ரப்பர் போன்ற சிறு உருளையைப் பல்லிடுக்கில் வைத்துப் பத்து நிமிடம் கடித்துக்கொண்டிருப்பேன். ஃபஜ்ருக்குப் பின் அடுப்பில் உலை கொதிக்கும் நேரம் அதற்குப் பொருத்தமாக இருந்தது. உறைக்கும் பல்லுக்கும் நடுவே காற்று இருக்கும்வரை வலியும் கூடுதல், பலனும் குறைவு. முதல் மூன்று நாள் உணவு குழைந்த சோறு, பருப்பு, இடியாப்பத்தில் தேங்காய்ப்பால். இறைச்சி நான்காம் நாளுக்கு. உறையைக் கழுவப் பச்சைத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். வெந்நீர் பட்டால் அது உருமாறிவிடும், பற்பசை தேய்த்தால் கீறல் விழுந்து மங்கும். உறையோடு தேநீர் குடித்தால் இரண்டே நாளில் மஞ்சள் பூத்துவிடும்.

ஓதிக்கொடுப்பதில்தான் நான் எதிர்பாராத இடி விழுந்தது. ஒரு மணி நேரம் கழற்றி வைக்கலாம் என்று நினைத்தேன் அல்லவா? மூன்று வேளை உணவுக்கும் துலக்குவதற்குமே இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. கழற்றி மாட்டுகிற ஒவ்வொரு முறையும் கன்றிப்போன பல்லை நெம்புவதும் ஒரு வலி. ஆக, உறையோடுதான் உட்கார வேண்டியிருந்தது. முதல் நாளே எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "ஆலிமாம்மா, நீங்க ஸீனை வேற மாதிரி சொல்றீங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டு எழும் ஒலிகளும் உண்டு, கீழ்ப்பற்களை ஒட்டி நின்று காற்றைச் சீறவிடும் ஒலிகளும் உண்டு. இவற்றில் பலவற்றைத் தமிழில் 'ஸ' என்ற ஒரே எழுத்தால் எழுதிவிடுகிறோம். ஓதும்போது அப்படிச் செய்தால் பொருளே மாறிவிடும். பத்து ஆண்டுகளாக எந்தப் பல்லின் விளிம்பைச் சுட்டிக்காட்டி நாவை இங்கே வை என்று கற்பித்தேனோ, அந்த விளிம்பின் மேல் இப்போது பிளாஸ்டிக். ஸாதும் ஸீனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அன்றிரவு தொழுகையில் அல்ஹம்து சூராவை ஓதும்போது என் குரலை நானே அன்னியமாய்க் கேட்டு அழுதேன். வலிக்கு அழவில்லை, இதற்கு அழுதேன். குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரு மடங்கு நன்மை என்ற நபிமொழியை, திணறும் பிள்ளைகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எனக்கே அது தேவைப்படும் என்று நினைத்ததில்லை.

சூரத்துன் நாஸின் ஆறு வசனங்களும் ஸீனில்தான் முடிகின்றன. அதையே மருந்தாக எடுத்துக்கொண்டேன். சமையலறையில், கிணற்றடியில், தனியாக இருக்கும் நேரமெல்லாம் வாய்விட்டு ஓதினேன். பதினொன்றாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, நாக்கு தனக்கொரு புதிய இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. அந்த எட்டு வயதுக்காரியைக் கூப்பிட்டு ஓதிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்ப சரி" என்றாள். உஸ்தாதிடம் இஜாஸா வாங்கியது போல இருந்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் எவருக்கும் நடக்கக் கூடியவை. மூன்றாம் உறையில் நடந்தது என் சொந்த மடமை.

கீழ் உறையின் பின்பக்க விளிம்பு ஒன்று சரியாக மழுங்காமல், நாவின் இடப்புறத்தை அறுத்தது. முதல் நாள் உறுத்தல். மூன்றாம் நாள் எரிச்சல். ஐந்தாம் நாள் வெள்ளையாய்ப் புண். நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. உறை என்றால் வலிக்கத்தான் செய்யும், ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டது, வாய் திறந்தால் மாமியும் பக்கத்து வீட்டு அக்காவும் என்ன சொல்வார்கள் என்பது ஒரு பக்கம். இதைப் பொறுத்துக்கொள்வது ஸப்ர், ஸப்ருக்கு நன்மை உண்டு என்ற எண்ணம் இன்னொரு பக்கம். உணவை வலப்பக்கமாகவே மென்றேன். பேச்சைக் குறைத்தேன். ஒன்பதாம் நாள் காலை முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன்: தலையைச் சற்றே ஒருபுறம் சாய்த்து, கன்னத்தை உள்ளிழுத்து, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள் நான் இல்லை. என் அம்மா.

அம்மா வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். அறுவடைக் காலத்தில் வேலை அதிகமென்றால் கூட இரண்டு முறை. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, கூரான முனை கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது. அதே கன்னத்தில்தான் புகையிலையையும் ஒதுக்கி வைப்பார். புண் வந்தது. ஏழு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்னொரு பக்கமாய் மென்றார், மிளகாயைக் குறைத்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். ஒருநாள் நான் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல புள்ள, ஸப்ரா இருந்தா அல்லாஹ் லேசாக்குவான்" என்றார். அத்தா கண்டுபிடித்து அழைத்துப்போனபோது கழுத்தில் கட்டி தெரியத் தொடங்கியிருந்தது. 2011 ஆடி மாதத்தில் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை விசாலமாக்குவானாக. புகையிலை இல்லாத வெறும் பாக்கையே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்திவிட்டது. எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி எப்போது வந்து சேர்ந்தது என்று கணக்குப் பார்க்க எனக்கு மனமில்லை.

கண்ணாடியின் முன் நின்றபடியே மருத்துவருக்குத் தொலைபேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளாக?" என்பது. சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நகம் தேய்க்கும் அட்டை அரம் கடையில் கிடைக்கும், புதிதாக ஒன்று வாங்கி அந்த விளிம்பை மட்டும் மெல்லத் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள், உப்பிட்ட வெதுவெதுப்பான நீரால் கொப்பளியுங்கள், பிடிகள் உதட்டில் உரசினால் பெட்டியில் மெழுகு இருக்கிறது என்றார். எந்தக் காரணத்தால் வந்ததாயினும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை நேரில் வந்து காட்டியே ஆக வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அரம் பதினைந்து ரூபாய். தேய்த்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறாம் நாள் புண் இருந்த இடம் தெரியவில்லை.

அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னால் நான் அனுபவித்த ஒன்பது நாளை என்னவென்று எழுதுவது? பற்கள் நகரும் வலியைப் பொறுத்தேன். அது வேலை நடக்கும் வலி, பொறுத்தால் முடியும். நாக்கு அறுபடும் வலியால் ஒரு பல்லும் நகரவில்லை. ஐயூப் நபி (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டார்கள். அதே ஐயூபைத்தான் பொறுமையாளர் என்று அல்லாஹ் புகழ்கிறான். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும், எங்கள் வீட்டுப் பெண்களிடத்தில் ஸப்ர் என்ற சொல் வாயை மூடிக்கொள் என்ற பொருளில் எப்படி வந்து தங்கிற்று என்பதைத்தான் அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். அம்மாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அம்மா. என் மகளுக்கு?

ரமளான் மார்ச்சில் வந்தது. நான் ஐந்தாம் உறையில் இருந்தேன். நோன்பில் உறை போட்டிருப்பது எப்படி என்று அஞ்சியவளுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பகல் முழுதும் உண்பதில்லை, ஆகையால் கழற்றவே தேவையில்லை. 22 மணி நேரக் கணக்கு அந்த மாதத்தில்தான் ஒரு நாளும் தவறவில்லை. உமிழ்நீரை விழுங்குவதால் நோன்பு முறியாது, சுவையற்ற உறையால் ஒன்றும் ஆகாது. ஸஹருக்குப் பின் நன்றாகத் துலக்கி, உறைக்குள் உணவுத் துணுக்கு எதுவும் தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். துன்பம் வேறிடத்தில். பங்குனி வெயிலில் அஸருக்குப் பின் வாய் உலர்ந்து, உதடு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். நோன்பில் ஆழ்ந்து கொப்பளிக்கவும் கூடாது. மிஸ்வாக் கைகொடுத்தது. ஹனஃபியில் நோன்பாளி பகலின் எந்நேரத்திலும் மிஸ்வாக் செய்யலாம். தங்கை வீட்டில் உச்சிப்பொழுதுக்குப் பின் செய்ய மாட்டார்கள். அந்தக் குச்சி தரும் மரம் நமக்குப் புதியதன்று. சங்க நூல்கள் உகாய் என்று பேசும் அதே மரம், இங்கிருந்து தென்கிழக்கே கடற்கரைக்குப் போனால் கோடியக்கரைக் காட்டில் இன்றும் நிற்கிறது.

உறை மாற்றும் நேரத்தை மட்டும் அந்த மாதத்தில் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. வழக்கம்போல் உறங்கும்முன் மாற்றினால் வலியின் உச்சம் மறுநாள் நோன்பில் விழுகிறது, மாத்திரை போட வழியில்லை. ஆகவே இஃப்தார் முடிந்த கையோடு மாற்றி, தராவீஹுக்கு முன் ஒன்றும் ஸஹரில் ஒன்றும் மாத்திரை எடுத்துக்கொண்டேன். முதல் ஜுஸ்உ நாள்களில் இது தெரியாமல் பட்ட பாடு தனி. நோன்புக் கஞ்சி அந்த ஆண்டுபோல் எந்த ஆண்டும் இனித்ததில்லை. மெல்ல வேண்டாத உணவு. பாங்கு சொன்னதும் எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுப்பார்கள்; நான் திரும்பி நின்று உறையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு எடுப்பேன். பெட்டியில்தான் வைக்க வேண்டும். பெருநாளுக்குப் பிறகு ஒரு வலீமாவில் காகிதத்தில் சுருட்டி இலையோரம் வைத்து, இலையோடு போய்விட்டது. மருத்துவர் அடுத்த உறைக்கு ஐந்து நாள் முன்கூட்டியே போகச் சொன்னார். அந்த வாரத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

அவ்வாண்டு ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை. தண்ணீர் ஜூலை இறுதியில்தான் விட்டார்கள். ஆற்றுநீரை நம்பிய எங்கள் பக்கத்து வயல்களில் குறுவை ஏறக்குறைய இல்லை, எல்லோரும் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். புரட்டாசிக் கடைசியில் எங்கள் வயலில் நடவு. நான் இருபதாம் உறையில் இருந்தேன். ஒரு கடைவாய்ப் பல்லைத் திருப்பும் உறை, வலி மற்றவற்றைவிடக் கூடுதல், பல்லும் தொட்டால் ஆடுவதுபோல் இருந்தது. விழுந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. நட்டு மூன்றாம் நாள் வரப்பில் நின்றபோது நாற்றெல்லாம் பழுத்துத் தலைசாய்ந்து கிடந்தது. நடவுக்கு வந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "புடுங்கி வேற எடத்துல வச்சா வாடத்தானே செய்யும். வேரு புடிக்கட்டும், பச்சை கட்டிரும். ஆனா தெனம் வந்து பாருங்க. குருத்தே காஞ்சா அது வேற, அது பூச்சி." பத்தாம் நாள் வயல் பச்சை கட்டியிருந்தது. பல்லும் ஆட்டம் நின்றிருந்தது.

2025 ஜனவரியில் கடைசி உறை முடிந்தது. பற்கள் மீண்டும் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க இரவில் மட்டும் ஓர் உறை போட்டுக்கொள்கிறேன். பல்லாண்டுக்கும் அது தொடரும் என்றே மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஈறு வீங்குவதில்லை. நான் சிரிக்கும்போது கை தானாகவே முக்காட்டு நுனியைத் தேடுவது மட்டும் நிற்கவில்லை.

மாசி மாதத்தில் ஓரிரவு, நான் உறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமி அடுப்படி வாசலில் வந்து நின்றார். அம்மா இறந்த பிறகு அவர் புகையிலையை விட்டிருந்தார். வெற்றிலையையும் பாக்கையும் விடவில்லை. வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நான் கழுவுவதையே பார்த்தார். பிறகு, "புள்ள, அந்தப் போனு வெளிச்சத்தைக் கொஞ்சம் அடி" என்று சொல்லி, முக்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். வலக்கன்னத்தின் உட்புறத்தில், கீழ் ஈறை ஒட்டி, வெண்மையாய் ஒரு திட்டு. எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நோவு இல்ல. எரியுது. மூணு வாரம் இருக்கும்" என்றார். "நீ அப்ப அரத்தை வச்சுத் தேச்சியே, அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன். அப்ப இது இல்ல. இது வந்தப்புறம் ஒங்கிட்ட சொல்லணும்னு வச்சிருந்தேன்."

மறுநாள் முதல் பேருந்தில் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனேன். மருத்துவர் விரலால் தொட்டுப் பார்த்தார். சுண்ணாம்பு பட்டு வெந்ததாகவும் இருக்கலாம், பாக்கை இன்றோடு நிறுத்துங்கள், இரண்டு வாரத்தில் மறையாவிட்டால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். திரும்பும் வழியில் மாமி சன்னல் பக்கம் உட்கார்ந்து, இரும்பு உரலை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே வந்தார். இஞ்சி இடிக்கலாம் என்றேன். வரும் வியாழக்கிழமை மறுபடியும் போக வேண்டும். துஆச் செய்யுங்கள்.